வன்னியில் தொழிற்பயிற்சி ஒன்றைத் தொடங்க முன்

இளைஞர்களுக்கு எந்தக் கற்கைநெறியைப் போடலாம் என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களை, முதலில் ஏ9 வீதிக்கு அனுப்புவேன். கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரை கராஜ், வெல்டிங் பட்டறை, அரிசி ஆலை என்று ஏறி இறங்குங்கள். “ஆள் தேவையா?” என்று கேட்டால் எல்லா முதலாளிமாரும் ஓம் என்பார்கள். எத்தனை பேர், எந்த மாதம், என்ன சம்பளம் என்று கேளுங்கள். புதிதாக வருகிற பிள்ளை முதல் கிழமையே என்ன வேலை செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். அந்தப் பதில்களிலிருந்துதான் பாடத்திட்டத்தை எழுத வேண்டும்.

அடுத்தது காலமும் பஸ்சும். தை, மாசியில் காலபோக நெல் அறுவடை. அந்த நேரம் வகுப்பைத் தொடங்கினால் பிள்ளைகள் வயலுக்குத்தான் போவார்கள், வீட்டுக்கு அந்தக் காசு தேவை. அதை அக்கறையின்மை என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து வரும் யுவதி இருட்டுமுன் வீடு சேர வேண்டும். ஆகவே பஸ் நேரத்தைப் பார்த்து வகுப்பு நேரத்தை வையுங்கள். பயணக் கொடுப்பனவையும் மாத முடிவு வரை வைத்திராமல் கிழமைக்குக் கிழமை கொடுங்கள்.

சான்றிதழ் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) ஆக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதில் 4ஆம் தரம் முடித்தவர் தனித்து வேலை செய்யக்கூடியவர். 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். நிறுவனம் பதிவு பெற்றிருப்பது வேறு, அந்தக் கற்கைநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடம் இரண்டையும் சரிபாருங்கள்.

இடப்பெயர்வில் படிப்பு அறுந்து, தகப்பனோடு மேசன் வேலைக்குப் போன பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். கை தேர்ந்தவர்களைத் திரும்ப வகுப்பில் இருத்தாதீர்கள். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் நைட்டா (தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை) அவர்களின் திறனை மதிப்பிட்டே சான்றிதழ் தரும். விண்ணப்பம் நிரப்பவும், தொலைந்த ஆவணங்களை எடுக்கவும் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

பெரிய இயந்திரங்களுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 முதல் இயங்குகிறது. பிள்ளைகளைத் தயார்படுத்தி அங்கே சேர்த்துவிடலாம்.

மிச்சம் பிடித்த காசை முதல் மாதத்துக்கு ஒதுக்குங்கள். வவுனியாவிலோ கொழும்பிலோ வேலை கிடைத்த பிள்ளைக்குச் சம்பளம் கைக்கு வருமுன்பே அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் வந்துவிடும். நல்ல வேலையை விட்டுத் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான்.