சிபிஆர் வகுப்பில் அழுத்தம் சரியான கதை

பொதுமக்களுக்கு சிபிஆர் (இதயம் நின்றவரின் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) சொல்லித்தரும்போது எனக்கிருந்த பெரிய தலைவலி, யாரும் போதிய ஆழத்துக்கு அழுத்தாததுதான். 5 முதல் 6 செ.மீ. என்றால் தலையாட்டுவார்கள்; பொம்மையின் மார்போ லேசாகத்தான் அசையும். கவனித்தால் முழங்கை மடங்கியிருக்கும். அதனால் விளக்கப் படங்களைக் குறைத்துவிட்டு, முதலிலேயே எல்லோரையும் தரையில் மண்டியிட வைத்தேன். கைகளுக்கு நேர் மேலே தோள், முழங்கை நேராக. உடல் எடையே கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுசாக மேலெழ விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம் பிடிபட, சீரான தாளத்தில் 'டிக் டிக்' என்று ஒலிக்கும் மெட்ரோனோம். அப்புறம் 2 நிமிடம் நிறுத்தாமல் செய்ய வைத்தேன். ஏன் ஆள் மாற வேண்டும் என்பது மூச்சு வாங்கும்போது அவர்களுக்கே புரிந்துவிடும்.

"விலா எலும்பு உடைந்துவிட்டால்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். உடையலாம், ஆறிவிடும், இதயம் நின்றவருக்கு அழுத்தாமல் விடுவதுதான் ஆபத்து என்று அங்கேயே சொல்லிவிடுகிறேன்.