நுகர்வுக் கலாச்சாரத்தைச் சாடும் கவிதையை எப்படிப் படிப்பது

'இந்தக் கவிதை நுகர்வுக் கலாச்சாரத்தை, அதாவது பொருள்களை வாங்குவதையே வாழ்க்கையாக்கும் போக்கை, எப்படி விமர்சிக்கிறது?' என்று கேட்டால் நம்மில் பலர் 'பொருளாசை கூடாது என்கிறார் கவிஞர்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதையே நாலு விதமாகத் திருப்பித் திருப்பி எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடுவோம். நானும் வெகுகாலம் அதைத்தான் செய்தேன். அந்த ஒரு வரி ஆயிரம் கவிதைக்குப் பொருந்தும், கையில் இருக்கிற கவிதையைப் பற்றி எதுவும் சொல்லாது. 'என்ன சொல்கிறார்' என்பதை விட்டுவிட்டு 'யார் குரலில் சொல்கிறார்' என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்த வகை எழுத்து பிடிபட்டது.

அளவுகோலுக்கு ஒரு பழைய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புறநானூறு 189, நக்கீரனார் பாடியது. 'உண்பது நாழி உடுப்பவை இரண்டே' என்ற வரி பலருக்கும் மனப்பாடமாக இருக்கும். உலகை ஆள்பவனுக்கும் தூக்கம் கெட்டு வேட்டைக்கு அலைபவனுக்கும் தேவை ஒன்றுதான், செல்வத்தின் பயன் கொடுப்பது, எல்லாவற்றையும் நாமே அனுபவிப்போம் என்று கிளம்பினால் பலதும் தவறிப்போகும் என்கிறது பாட்டு. பேராசையை எச்சரிக்கிற பாட்டுதான், ஆனால் நுகர்வுக் கலாச்சார விமர்சனம் இல்லை. இங்கே ஆசை மனிதனுக்குள்ளிருந்தே வருகிறது. நவீன எழுத்துக்கு அதில்தான் சந்தேகம்: இந்த ஆசையை எனக்குள் யார் போட்டது, அதனால் யாருக்கு லாபம்? 1899இலேயே அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தார்ஸ்டைன் வெப்லன், தேவைக்காக இல்லாமல் பிறர் கண்ணில் படுவதற்காகவே செய்யும் செலவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். ஆகவே முதல் வேலை, உங்கள் கவிதை தனி மனிதனின் ஆசையைத் திட்டுகிறதா, அந்த ஆசையைத் தயாரிக்கிற ஏற்பாட்டைத் திட்டுகிறதா என்று முடிவு செய்வது. சில கவிதைகள் இரண்டுக்கும் நடுவே தள்ளாடும். அதையும் அப்படியே எழுதலாம்.

அடுத்து குரல். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் 1939இல் எழுதிய 'அறியப்படாத குடிமகன்' கவிதையில் கவிஞர் தன் குரலில் பேசுவதே இல்லை. பேசுவது அரசாங்கம். செத்துப்போன ஒருவனுக்குப் பளிங்கில் நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறது, அதில் அவன் பெயர் இல்லை, எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு மட்டும் இருக்கிறது. அவனிடம் கிராமபோன், ரேடியோ, கார், குளிர்பதனப் பெட்டி எல்லாம் இருந்தன, தவணை முறையின் அருமை தெரிந்தவன் என்று ஒவ்வொரு துறையும் நற்சான்றிதழ் தருகிறது. கடைசியில், அவன் சுதந்திரமாக இருந்தானா, சந்தோஷமாக இருந்தானா என்ற கேள்வி வருகிறது. கேள்வியே அபத்தம், ஏதாவது குறை இருந்திருந்தால் எங்களுக்குத் தகவல் வந்திருக்குமே என்று முடிகிறது கவிதை. முழுக்கப் பாராட்டுதான், ஒரு வசை கிடையாது. நம் வஞ்சப்புகழ்ச்சி அணி தெரிந்தவர்களுக்கு இது புதிதும் இல்லை.

இந்த வகைப் பிரதி (கவிதையோ கதையோ, நாம் படிக்க எடுத்துக்கொள்வது எதுவானாலும்) கையில் வந்தால் நான் செய்கிற ஒரு காரியம்: தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மறைத்துவிட்டு, நிஜமான விளம்பரத்தையோ அறிக்கையையோ படிப்பதுபோல் சத்தமாகப் படிப்பேன். எந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறதோ, 'எந்த விளம்பரமும் இதைச் சொல்லாதே' என்று தோன்றுகிறதோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு. பெரும்பாலும் விமர்சனம் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் பட்டியல்கள். பொருள்களை வரிசையாக அடுக்கியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள், அந்த வரிசையில் மனிதன் எங்கே நிற்கிறான் என்று தேடுங்கள். ஜார்ஜ் பெரெக்கின் 'பொருள்கள்' என்ற பிரெஞ்சு நாவல் (1965) ஒரு வீட்டு வர்ணனையோடு தொடங்குகிறது. கம்பளம், அலமாரி, திரைச்சீலை என்று கண் நகர்ந்துகொண்டே போகிறது, ஆளைக் காணோம். வினைச்சொற்களைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். அந்த வீடு 'இருந்தது' இல்லை, 'இருக்கும்', அதாவது கையில் காசு வந்தால் அப்படி இருக்கும். அந்த இளம் தம்பதியின் தொழிலே சந்தை ஆய்வுக்காக மக்களைப் பேட்டி எடுப்பது, ஆசையை அளந்து கொடுக்கிறவர்களே ஆசையில் சிக்கிக்கிடக்கிறார்கள். ஒரு பாத்திரம்கூட உபதேசம் செய்யவில்லை, வினைமுற்று ஒன்றே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

சரி, 'நாம்' யார்? 1807இல் வெளியான ஒரு பதினான்கு வரிக் கவிதையில் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், சம்பாதிப்பதிலும் செலவழிப்பதிலும் நம் ஆற்றலை வீணாக்குகிறோம் என்கிறார். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு சொல் இருப்பது இங்கே பெரிய வசதி. எந்தப் பிரதியானாலும் அது 'நாம்' என்கிறதா, 'நாங்கள் தெளிந்தவர்கள், நீங்கள்தான் மாட்டிக்கொண்டீர்கள்' என்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது ரகம் எனக்கு ஒட்டுவதில்லை, ஏனென்றால் 'நீ மற்றவர்களைப்போல் இல்லை, விவரமானவன்' என்று முகஸ்துதி செய்வதும் விளம்பரத்தின் பழைய வித்தைதான்.

படமும் பிரதிதான், விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்த்தின் 'சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்பதைத் திருப்பிப்போட்டு அமெரிக்க ஓவியக் கலைஞர் பார்பரா குரூகர் 1987இல் 'வாங்குகிறேன், ஆகவே இருக்கிறேன்' என்றொரு படைப்பு செய்தார். பத்திரிகை வடிவமைப்பில் வேலை பார்த்தவர், படைப்பில் உள்ள தடித்த எழுத்தும் சிவப்பும் அங்கே பழகியவை. பிற்பாடு அதே வாசகம் கடைப் பையிலும் அச்சாகி வந்தது. பை கிண்டலைப் பரப்பியதா, கிண்டல் பையை விற்றதா? உங்கள் கட்டுரைக்கு ஒரு நல்ல பத்தி வேண்டுமென்றால் இந்தக் கேள்வியை உங்கள் பிரதியிடம் கேளுங்கள், பதில் இரண்டு பக்கமும் இழுத்தால் இரண்டையும் எழுதுங்கள்.