ஷூஃப் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு

லெபனானில் ஷூஃப் மலைக்குப் போனால் பாரூக் கேதுருக் காட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், பாக்லீனுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். இந்த மலையில் வாழும் துரூஸ் என்கிற மதச் சமூகத்தின் அமீர், அதாவது ஆட்சியாளர், இரண்டாம் ஃபக்ர் அல்தீன் பிறந்த பழைய ஊர் அது. அங்கே தண்ணீர் போதாமல்தான் தலைநகரை தெய்ர் அல்கமருக்கு மாற்றினார் என்பார்கள். ஒட்டோமான் காலத்து அரசுக் கட்டடம் ஒன்று இப்போது நூலகமாக இருக்கிறது, அவசியம் பாருங்கள்.

காட்டு நடையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மேலே திடீரென்று மூடுபனி இறங்கும், குளிர்காலத்தில் பனி பெய்து பாதையே மறைந்துவிடும், கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

ஊருக்குள் நுழையும்போது தோளும் முட்டியும் மூடியிருக்கட்டும். கல்வா என்கிற துரூஸ் வழிபாட்டு இடம் வெளியாருக்கானதல்ல, கதவு திறந்திருந்தாலும் எட்டிப் பார்க்க வேண்டாம். வெள்ளைத் தலைத்துணி போட்ட பெண்களையும், வெள்ளைத் தொப்பியும் தொளதொள கறுப்புக் கால்சட்டையுமாக வரும் பெரியவர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மதத்தைப் பற்றித் துருவிக் கேட்பதும் நல்லதல்ல, துரூஸ் மக்களிலேயே பலருக்கு மறைநூல்களைப் படிக்க அனுமதி இல்லை.

யாராவது மாத்தே என்கிற இலைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டால் தாராளமாக உட்காருங்கள். அதை உறிஞ்சிக் குடிக்கும் ஒரே குழல் கைமாறும், நடுவில் எலுமிச்சைத் தோலால் அதைத் துடைத்துத் தருவார்கள். அப்புறம் ஒன்று, டிக்கெட் போடும் முன் லெபனானின் பாதுகாப்பு நிலவரத்தைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.