குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறோ இரத்தப் புற்றுநோயோ கண்டறியப்பட்டால், பெற்றோர் பெரும்பாலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ புறப்பட வேண்டியிருக்கிறது. 2022-இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய ஆறுதல் என்றாலும், சிறப்புச் சிகிச்சைகள் பலவற்றுக்கு வெளியூர்ப் பயணம் இன்னும் ஓயவில்லை. இந்த அலைச்சலைப் பக்கத்து வீட்டிலேயே பார்த்து வளரும் மாணவர்கள் நிதி திரட்ட முன்வருவது மனதாரப் போற்ற வேண்டிய செயல். அவர்கள் உழைப்பு குழந்தைகளுக்குப் போய்ச் சேராமல் போவது பெரும்பாலும் தொடக்கத்தில் நேரும் சில பிழைகளால்தான்.

அவற்றுள் தலையாயது, தேதி, மேடை, சிறப்பு விருந்தினர் எல்லாம் முடிவான பின்னர், என்ன வாங்கித் தரலாம் என்று மருத்துவமனையைக் கேட்பது. யாரையும் கேட்காமல் வாங்கிக் கொடுத்த கருவிக்கு, அதில் பொருத்தும் உதிரிப் பொருள்களும் ஆண்டுப் பராமரிப்பும் கிடைக்காவிட்டால், அது வார்டின் மூலையில் உறையோடு கிடக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது; ஆகவே பல குடும்பங்களை முறிப்பது அறுவைச் சிகிச்சைக் கட்டணமன்று. பேருந்துக் கட்டணம், உடன் தங்குபவரின் சாப்பாடு, வாடகை அறை, வெளியில் எடுக்கச் சொல்லும் பரிசோதனை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடலுக்குப் போனால் மட்டுமே பங்கு கிடைக்கும் தந்தை வாரக்கணக்கில் இழக்கும் வருமானம் ஆகியவையே அவர்களைக் கடனில் தள்ளுகின்றன. என் கருத்தில், இந்த மாவட்டத்து மாணவர்கள் திரட்டும் பணம் கருவிகளைவிட இத்தகைய செலவுகளுக்குச் செல்வதே பயனுள்ளது. மருத்துவமனை முதல்வருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, என்ன தேவை, மருத்துவமனைக்கு வரும் நன்கொடைகளைக் கையாளும் நோயாளர் நலச் சங்கத்தின் வழியாக அதை ஏற்க இயலுமா என்பதை எழுத்து வடிவிலேயே பெற்றுவிட வேண்டும்.

பொருளாகக் கொடுக்க நினைப்போர் பால் மாவு டப்பாக்களையும் பால் புட்டிகளையும் திரட்டுவதுண்டு. தாய்ப்பாலைக் காக்க இயற்றப்பட்ட 1992-ஆம் ஆண்டுச் சட்டம், அநாதை இல்லங்கள் நீங்கலாக மற்றவர்களுக்கு இவற்றை நன்கொடையாக வழங்குவதைத் தடை செய்கிறது. பஞ்சு பொம்மைகளும் வேண்டாம். துவைத்துச் சுத்தமாக வைக்க முடியாத பொம்மை, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தையின் படுக்கைக்குக் கிருமியைக் கொண்டு சேர்க்கும். இரத்த தான முகாம் நடத்துவது நல்ல மாற்று வழி. ஆனால் 18 வயது நிறையாதவர்களும் 45 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவர்களும் இரத்தம் கொடுக்கக் கூடாது என்பதால் அது கல்லூரிக்குப் பொருந்துமே தவிரப் பள்ளிக்குப் பொருந்தாது.

பணத்தைக் கையாளும் முறைதான் மிகுந்த கவனத்தைக் கேட்கிறது. ஒரு மாணவரின் சொந்தக் கணக்குக்குரிய கியூஆர் குறியீட்டை அச்சடித்து ஊரெங்கும் ஒட்டுவது பலரும் செய்யும் தவறு. எவ்வளவு நாணயமான பிள்ளையாக இருந்தாலும், அந்தக் கணக்கில் வீட்டுப் பணமும் நன்கொடையும் கலந்துவிட்ட பிறகு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. இயன்றவரை பணம் நேரடியாக மருத்துவமனையின் அல்லது பதிவுபெற்ற அறக்கட்டளையின் கணக்குக்கே செல்ல வேண்டும். இயலாதபோது பள்ளி அல்லது கல்லூரியின் பெயரில், இருவர் கையொப்பமிடும் தனிக் கணக்கு வேண்டும். உண்டியல்களுக்கு எண்ணிட்டு முத்திரை வைத்து, ஆசிரியர் ஒருவர் முன்னிலையில் திறந்து எண்ண வேண்டும். வருமான வரிச் சலுகை உண்டு என்று மாணவர்கள் தாமாக வாக்குக் கொடுக்கக் கூடாது. அதற்கான ரசீதைத் தகுதி பெற்ற நிறுவனம் மட்டுமே தர முடியும், ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகையும் இல்லை.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் உறவினர் இல்லாத வீடு அரிது. இந்தியக் குடியுரிமையுள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட மாமாவிடமிருந்து, அவர் இதே ஊரில் பிறந்தவரே ஆனாலும், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெறாத மாணவர் குழு நன்கொடை வாங்கக் கூடாது. அவரிடம், அந்தப் பதிவுள்ள நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்புமாறு கேட்டுக்கொள்வதே முறை. ரமலானில் வரும் ஜகாத் பணத்தை, அதாவது முஸ்லிம்கள் கடமையாகத் தரும் தானத்தை, யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு மார்க்க நெறிகள் உள்ளதால், அதைப் பொது நிதியோடு சேர்க்காமல், கொடுப்பவரைக் கேட்டுத் தனியே எழுதி வைக்க வேண்டும்.

பரிசுக் குலுக்கல் சீட்டு விற்று நிதி சேர்க்கும் எண்ணம் எளிதில் தோன்றும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. பரிசுத் திட்டங்களைத் தடுக்கும் 1979-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆகவே அதைத் தொடவே வேண்டாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கடற்கரைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பனிலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது வீடு வீடாக உண்டியலோடு செல்வது, இல்லை என்று சொல்லக் கூசும் மக்களைச் சங்கடத்தில் நிறுத்துவதாகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை திறந்தவெளி நிகழ்ச்சியைக் கெடுக்கும். பொங்கல் முடிந்து, ஆண்டுத் தேர்வு தொடங்குவதற்கு முன்னுள்ள வாரங்களே ஏற்றவை. அரியமான் கடற்கரை போன்ற பொது இடம் என்றால் காவல்துறை அனுமதி முன்பே வேண்டும்; பார்வையாளர்களை மீன்பிடிப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டிக் கட்டணம் வாங்கும் யோசனையைப் பாதுகாப்புக் கருதி அறவே கைவிட வேண்டும்.

பந்தல், ஒலிபெருக்கி, பிளக்ஸ், சால்வை, நினைவுப் பரிசு என்று செலவு ஏறிக்கொண்டே போய், நன்கொடையில் பெரும்பங்கை நிகழ்ச்சியே விழுங்கிவிடுவதும் நடக்கிறது. குழந்தைக்கென்று கொடுத்த பத்து ரூபாய் சால்வையாக மாறுவதை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. நிகழ்ச்சிச் செலவை ஊர்க் கடைக்காரர்களிடம் தனியாக, அதற்கென்றே கேட்டு வாங்குங்கள்.

நோயுற்ற குழந்தையின் முகத்தைச் சுவரொட்டியிலும் வாட்ஸ்அப்பிலும் பரப்புவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த கடலோர ஊரில், குணமடைந்த பின்னும் அந்தப் படம் அக்குழந்தையைப் பள்ளிக்கும் பின்னாளில் திருமணப் பேச்சுக்கும் தொடர்ந்து வரும். பெற்றோர் சம்மதம் தந்தாலும், கையேந்தி நிற்கும் நேரத்தில் தரும் சம்மதத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாகாது. காசோலை கொடுக்கும் படத்துக்காகக் கூட்டமாக வார்டுக்குள் நுழைவதும் கூடாது. ஒரு மாணவரின் சாதாரணச் சளிகூட, புற்றுநோய் மருந்தால் எதிர்ப்பாற்றல் இழந்த குழந்தைக்கு ஆபத்தாகலாம்.

ஒரே குழந்தையின் பெயரில் திரட்டும்போது, தேவைக்கு மேல் பணம் சேர்ந்தாலோ, சிகிச்சை பலிக்காமல் அந்தக் குழந்தை இறந்துவிட்டாலோ மீதி என்னவாகும் என்பதை முதல் துண்டறிக்கையிலேயே அச்சிட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால், துக்கத்தில் இருக்கும் பெற்றோரிடம் போய்ப் பணத்தைப் பற்றிப் பேச நேரும். வரவு, செலவு, மருத்துவமனை தந்த ரசீதின் நகல் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, பணம் கேட்ட அதே தெருக்களிலும் அதே வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.