91 மி.மீ. இல்லை, 114: என் விமான ஆன்டெனா வேலை செய்த கதை

கிருஷ்ணகிரியில் எங்கள் மொட்டை மாடியில் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சிக்னலைப் பிடிக்க, டிஷ்ஷுக்குப் போட்டு மீந்த ஆர்ஜி-6 கேபிளில் 8 துண்டு கோலினியர் (துண்டுகளை ஒரே நேர்கோட்டில் இணைத்த) ஆன்டெனா செய்தேன். 40 கி.மீ. தாண்டினால் திரையில் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டரில் செருகும் ரிசீவர் டாங்கிளோடு வந்த சின்னக் குச்சி ஆன்டெனாவே இதைவிட அதிக விமானம் காட்டியது.

கோட்டை மலை மறைக்கிறதோ என்று குழாயை 3 மீட்டர் உயர்த்தினேன். யூஎஸ்பி கேபிளை மாற்றினேன், கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டிக் குறைத்தேன். நான்கு நாள் போனது.

அப்புறம்தான் வெட்டிப் போட்ட ஒரு துண்டை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே இருந்த வெள்ளை இன்சுலேஷன் அமுங்கியது. அது நுரை! ஒவ்வொரு துண்டும் அரை அலைநீளம் இருக்க வேண்டும்; ஏடிஎஸ்-பி வரும் 1090 மெகாஹெர்ட்ஸில் அது 137.5 மி.மீ. கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் அதை வேகக் காரணியால் பெருக்க வேண்டும். கெட்டி பாலிஎதிலீனுக்கு 0.66, நான் 91 மி.மீ. வெட்டியது அந்தக் கணக்கில்தான். நுரைக்குச் சுமார் 0.83, அதாவது 114 மி.மீ. கெட்டி இன்சுலேஷன் கண்ணாடி மாதிரி லேசாக ஒளியை ஊடுருவ விடும், நகம் பதியாது.

புதிதாக 8 துண்டு வெட்டினேன். நீளத்தை, இன்சுலேஷனைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அளக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் நடுக்கம்பி கணக்கில் வராது. அலுமினியப் பின்னலில் ஈயம் ஒட்டாது, அதனால் நடுக்கம்பியை அடுத்த துண்டின் உறைக்கும் பின்னலுக்கும் இடையே செருகி டேப் சுற்றினேன்.

அன்று மாலையே பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கும் விமானங்கள் தெரிந்தன. நிம்மதியாக இருந்தது.