பொதுச் சூளையைச் சீர்செய்வதும் சுடுவதும்: ஆர்ச்சிலிருந்து கோன் 10 வரை

பலர் சேர்ந்து பானை சுடும் பொதுச் சூளையில் ஆர்ச் (வளைவுக் கூரை) ஒரு விரல் இறங்கியதுமே சூளையை முழுக்க இடித்துப் புதிதாகக் கட்டிவிடலாம் என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது. கேஸில் எரியும் டவுன்டிராஃப்ட் சூளையில் (தீ மேலே ஏறி, கீழிறங்கிப் புகைவாய் வழியே வெளியேறும் வகை) சுவரும் தளமும் நெடுங்காலம் தாங்கும். முதலில் போவது ஆர்ச்சும் பர்னர் வாயும், ஒவ்வொரு சூட்டுக்கும் எடுத்து அடுக்கும் கதவுக் கற்களும்தான். போன காரணம் தெரியாமல் புதுக் கல் வைத்தால், அதே இடம் திரும்பவும் போகும்.

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஆர்ச் உச்சியில், கீழ்ப்பக்கமாக இணைப்பு நீளவாக்கில் விரிந்திருந்தால் இரு பக்கத்து ஸ்கியூ கற்களும் (ஆர்ச் உட்காரும் சாய்முகக் கற்கள்) வெளியே நகர்ந்துவிட்டன என்று பொருள். குறை கல்லில் இல்லை, இரும்புச் சட்டத்தில். கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் தீ நேராக அதன்மேல் அடிக்கிறது, அல்லது கிளேஸ் (பானையின் கண்ணாடிப் பூச்சு) ஆவி தின்றிருக்கிறது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு ஸ்டோன்வேர் (உயர் சூட்டில் சுட்ட கெட்டி மண்பாண்டம்) பரவிய புதுச்சேரி, ஆரோவில் பக்கம் உப்புக்காற்று சட்டத்தைச் சும்மா விடாது. சட்டத்தை இழுத்துப் பிடிக்கும் டை ராடின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். மரை மழுங்கியிருந்தால் ராடையே மாற்றுங்கள்.

பிரிக்கும்போது செராமிக் ஃபைபர் (வெப்பம் காக்கும் பஞ்சு போன்ற பொருள்) இருந்தால் முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். அதிகச் சூடு கண்ட ஃபைபரில் கிரிஸ்டோபலைட் (சிலிக்காவின் ஒரு வடிவம்) உண்டாகியிருக்கும். அது நுரையீரலுக்குக் கேடு. துணியைக் கட்டிக்கொள்வது போதாது, தூசிக்கான வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

ஆர்ச்

எழுச்சி (ஸ்கியூவிலிருந்து ஆர்ச் உச்சியின் உயரம்), அகலத்தில் எட்டில் ஒரு பங்கு இருக்கட்டும். இந்த விகிதத்தில் ஆர்ச்சின் மொத்த எடைக்கு ஏறக்குறைய சமமான விசை ஒவ்வொரு பக்கமும் வெளியே தள்ளும். இன்னும் தட்டையாகக் கட்டினால் தள்ளு கூடும். சுவர் இதைத் தாங்காது, சட்டம்தான் தாங்க வேண்டும். ஸ்கியூ கல்லுக்குப் பின்னால் ஆங்கிள் இரும்பு இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. உள் அகலம் 990 மி.மீ., எழுச்சி 123.75 மி.மீ. என்றால் உள் ஆரம் 1,052 மி.மீ. 230 × 115 × 75 அளவு ஐ.எஸ். 8 (இந்தியத் தர எண்) ஃபயர் பிரிக்கை 115 மி.மீ. தடிமனாக வைத்தால், ஒரு வளையத்துக்கு 75/65 சைடு ஆர்ச் கல் (ஒரு பக்கம் 75, எதிர்ப்பக்கம் 65 மி.மீ. தடிமனுள்ள ஆப்புக் கல்) 11, நேர்க்கல் 4, ஆக 15 கல் பிடிக்கும். ஒற்றைப்படை என்பதால் நடுக்கல் சரியாக உச்சியில் விழும். நேர்க்கற்களை ஒரே இடத்தில் சேர்க்காமல் பிரித்துப் போடுங்கள். ஸ்கியூ முகத்தின் சாய்வு நிமிர்கோட்டிலிருந்து 28 டிகிரி.

சென்டரிங்குக்கு (கட்டும்போது ஆர்ச்சைத் தாங்கும் தற்காலிக மரச்சட்டம்) வளைவுப் பலகைகளை 1,052க்கு அறுத்துவிட்டு மேலே 6 மி.மீ. பிளைவுட் போர்த்துவது வழக்கமாக நடக்கும் தப்பு. ஆர்ச் அந்த 6 மி.மீ. அளவுக்குப் பொருந்தாமல் போகும். பலகையை 1,046க்கு அறுக்க வேண்டும். முட்டுகளுக்கு அடியில் ஜோடி ஆப்பு வைத்தால் பிறகு தட்டித் தளர்த்திக் கீழிறக்கலாம்.

கலவை இல்லாமல் ஒரு வளையத்தை முழுக்க அடுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு கலவை போடுங்கள். ஃபயர்கிளேயும் நன்றாக அரைத்த பழங்கல் தூளும் சரிபாதி, தயிர்ப் பதத்தில். கல்லை ஒரு கணம் தண்ணீரில் முக்கி எடுத்து, கலவையைத் தடவி, ரப்பர் சுத்தியலால் தட்டினால் இணைப்பு 1 மி.மீ.க்கு வரும். தடித்த கலவை சுருங்கும், ஆர்ச் அந்த அளவுக்கு இறங்கும். சாதா சிமென்ட் ஒரு பிடிகூடச் சேரக்கூடாது, சூட்டில் உதிர்ந்துவிடும். தானே இறுகும் ரெடிமேட் கலவை உறுதிதான், ஆனால் நாளை பிரிக்கும்போது கல்லும் சேர்ந்து உடையும். பொதுச் சூளைக்கு ஃபயர்கிளே கலவையே மேல். அதே காரணத்துக்காக, வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று பிணைக்காமல் தனித்தனியாகக் கட்டுங்கள். ஒரு வளையம் கெட்டால் அதை மட்டும் எடுக்கலாம்.

இரு பக்கமும் கீழிருந்து ஒரே நேரத்தில் ஏறி, நடுக்கல்லைக் கடைசியில் மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்குங்கள். டை ராடை முறுக்கிய பிறகே சென்டரிங்கை இறக்க வேண்டும். சுவரைப் புதிதாகக் கட்டும் இடத்தில் மீட்டருக்கு 6 மி.மீ. விரிவு இடைவெளி விட்டு ஃபைபர் துண்டைச் செருகுங்கள்.

காயவைத்தல்: காலிச் சூளையில் சிறு தீயில் 100-120 டிகிரியிலேயே அரை நாள். பார்வைத் துளையில் குளிர்ந்த கண்ணாடியைக் காட்டுங்கள். ஆவி படியாமல் ஆனபின் மணிக்கு 50 டிகிரி வீதம் 600 வரை ஏற்றி அணைத்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் கட்டினால் இதற்கு இரட்டை நேரம் ஒதுக்குங்கள். ஆறியதும் டை ராட் நட்டுகளைச் சரிபாருங்கள்.

அடுக்குவதும் சுடுவதும்

பொதுச் சூளையில் பெரிய சேதம் பெயர் தெரியாத மண்ணால்தான் வரும். உள்ளூர்ச் செம்மண்ணில் செய்த ஒரு கிண்ணம் கோன் 10 (கோன் என்பது குறித்த சூட்டில் சாயும் சிறு மண்கூம்பு) சூட்டில் உருகி ஷெல்ஃபில் ஓடினால் அடுத்தவர் பானையும் போச்சு. மண்ணின் முத்திரை இல்லாத பொருளை, யார் கேட்டாலும் அடுக்காதீர்கள். அடியிலிருந்து 5 மி.மீ. கிளேஸ் துடைத்திருக்க வேண்டும். ஓடும் என்று தெரிந்த கிளேஸுக்கு அடியில் பிஸ்க் (கிளேஸ் இல்லாமல் முதலில் சுட்ட) தட்டு. ஷெல்ஃபுக்கு அலுமினா ஹைட்ரேட்டும் சைனா கிளேயும் சரிபாதி கலந்த பூச்சு, மூன்றே முட்டுக்கால்கள். முதல் ஷெல்ஃப் தளத்திலிருந்து 3 அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும், புகைவாயை மறைக்கக்கூடாது.

கோன் 9, 10, 11 மேலும் கீழும் ஒவ்வொரு செட். ரிடக்‌ஷன் (காற்றைக் குறைத்து எரிப்பது) தொடங்கும் நேரத்தை அறிய கோன் 010 (கோன் 10ஐவிட மிகக் குறைந்த சூட்டில் சாய்வது) ஒன்று.

பிஸ்க் ஆன சரக்குக்கு மணிக்கு 100 டிகிரி வீதம் ஏற்றலாம்; 573 டிகிரியில் குவார்ட்ஸ் விரிவதால் அந்த இடத்தில் மட்டும் மெதுவாக. 010 சாய்ந்ததும் டேம்பரை (புகைபோக்கியை மறைக்கும் தகடு) உள்ளே தள்ளுங்கள். பார்வைத் துளையில் ஓரங்குல மென்தீ நின்றால் போதும். கரும்புகை கிளம்பினால் கேஸ் வீணாகிறது, சூடும் ஏறாது. முக்கால் மணி நேரம் இப்படி வைத்து, பின் லேசான ரிடக்‌ஷனில் மணிக்கு 60-80 டிகிரி. ஏறாமல் நின்றுவிட்டால் கேஸைக் கூட்டத்தான் கை போகும். பல நேரம் தேவைப்படுவது காற்று. டேம்பரை அரை அங்குலம் மட்டும் நகர்த்தி, கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இரவில் அழுத்தம் குறைந்தால் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். திரவம் ஆவியாகும்போது குளிர்ந்து பனி பிடிக்கும். 19 கிலோ சிலிண்டர் நாலையாவது ஒரே மேனிஃபோல்டில் (பொதுக் குழாய்) இணைத்தால் இது குறையும். தீ காட்டிச் சூடாக்கவே கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். சிலிண்டர் வெளியே, மேடான தரையில் இருக்கட்டும். ரிடக்‌ஷன் நேரத்தில் கார்பன் மோனாக்ஸைடு வரும். கொட்டகையின் இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும். தலைவலி தட்டினால் உடனே வெளியேறுங்கள்.

கோன் 10 சாய்ந்ததும் (ஏறக்குறைய 1,285 டிகிரி) டேம்பரைத் திறந்து கால் மணி நேரம் சுத்தத் தீ (காற்று தாராளமாக உள்ள எரிப்பு). பிறகு பர்னரை அணைத்து, டேம்பர், பர்னர் வாய் எல்லாவற்றையும் அடையுங்கள். 226 டிகிரி வாக்கில் கிரிஸ்டோபலைட் சட்டென்று சுருங்கும். அப்போது கதவைப் பிரித்தால் பானை 'டிங்' என்று விரிசல் விடும். 100க்குக் கீழே வரட்டும்.

ஒரு சூட்டுக்கு ஒருவரே பொறுப்பு. ஆள் மாறினால் டேம்பர் நிலை, கேஸ் அழுத்தம், கோன் நிலை, நேரம் நான்கையும் நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். சாய்ந்த கோன்களைத் தூக்கி எறியாமல் தேதி எழுதி நோட்டோடு வையுங்கள். மேலும் கீழும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அடுத்து அடுக்குபவர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.