உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள்: மாடி வெண்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் மொட்டைமாடியில் வெண்டை வைப்பவர்கள் பலர் போர் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். கடலோரத்து நிலத்தடி நீரில் உப்பு அதிகம். வெண்டை அதைத் தாங்காது. இலை ஓரம் பழுப்பாகிக் கருகும், செடி முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடும். சத்துக் குறைவு என்று நினைத்து நான் மேலும் மேலும் உரம் போட்டேன். உரத்திலும் உப்புதான் இருக்கிறது, கருகல் கூடியது. அதன் பிறகுதான் மெட்ரோ தண்ணீரில் (குடிநீர் வாரியம் விடும் தண்ணீர்) அரிசி, காய்கறி கழுவியதைத் தனி வாளியில் சேர்க்க ஆரம்பித்தோம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு அநேகமாக இருக்காது, பிடித்து வையுங்கள். போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்றால், கொஞ்சமாகத் தெளிக்காமல் செடி வைத்த பையின் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். தேங்கிய உப்பு ஓரளவு கழுவிப் போகும்.

கட்டியாக விற்கும் கோகோபீட்டிலும் (தென்னை நார்த்தூள்) உப்பு இருக்கும். ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டும்.

கத்தரி, தக்காளி மாதிரி வெண்டைக்கு நாற்று விடாதீர்கள். ஆணிவேர் அடிபட்டால் செடி தேறுவது கஷ்டம். விதையை இரவு ஊறவைத்து, 12 அங்குலப் பையில் நேரடியாக 2 விதை போடுங்கள். முளைத்ததும் வலுவானதை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். தை, மாசி நல்லது, ஆடியும் நல்லது. ஐப்பசி அடைமழையில் போட்ட விதை அழுகிப் போகும்.

இலை நரம்புகள் மட்டும் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. பூ விட்டிருக்கிறதே என்று இரக்கப்பட்டு வைத்திருந்தால் பக்கத்துச் செடிகளும் போய்விடும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்குங்கள். மிச்சச் செடிகளுக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். அடுத்த தடவை, இந்த நோயைத் தாங்குவதற்கென்று பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா அனாமிகா விதை கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

விதைத்த 45 நாள் வாக்கில் காய் வரும். அப்போது "ரெண்டு காய்தானே, பொரியலுக்குச் சேரட்டும்" என்று செடியிலேயே விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தமான தவறு. பூத்து ஐந்தாறு நாளில் பறிக்காவிட்டால் காய் நாராகும், செடியும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்து, துணிப்பையில் போட்டு ஃபிரிட்ஜில் சேருங்கள். நாலு பேர் வீட்டுக்கு எட்டுச் செடியாவது வேண்டும்.

சமையலிலும் வம்பு தண்ணீராலும் உப்பாலும்தான். நறுக்கிய பிறகு கழுவினால் வழவழப்பு பிடித்துக்கொள்ளும். முழுக்காயாகவே கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, பிறகு நறுக்க வேண்டும். அகலமான வாணலியில் மூடி போடாமல் வதக்குங்கள். மூடினால் ஆவி திரும்பக் காய்மேலேயே விழும். உப்பை முதலில் போட்டால் காய் நீர் விடும், எங்கள் அத்தை இறக்கும்போதுதான் போடுவார். வழவழப்பு அப்போதும் போகாவிட்டால் ஒரு ஸ்பூன் புளித்தண்ணீரோ மோரோ தெளித்துப் புரட்டுங்கள். காரக்குழம்புக்குத் தனியாக எண்ணெயில் வதக்கி, புளி கொதித்துப் பச்சை வாசனை போனபின் சேர்த்தால் காய் உடையாது.

மீறி முற்றிவிட்ட காயைக் குழம்பில் போடாதீர்கள். நாட்டு ரகமாக இருந்தால் செடியிலேயே காயவிட்டு அடுத்த பட்டத்துக்கு விதை எடுங்கள். ஹைப்ரிட் என்றால் அந்த விதையில் அதே காய் வராது.